பழவேற்காட்டில் ஒரு பிரேதப் பரிசோதனையும் 2 லட்சம் ரூபாயும்

"தண்ணில போன உசுர மறுபடி அறுக்கணுமா?" ஏரியிலோ முகத்துவாரத்திலோ ஒருவர் மூழ்கி இறந்துவிட்டால் குப்பத்தில் எழும் குரல் இது. போலீஸ் வேண்டாம், பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிடலாம் என்று பெரியவர்களும் சொல்வார்கள். அந்த நேரத்தில் யார் எதிர்த்துப் பேசுவது? ஆனால் பழவேற்காட்டுக் குடும்பங்கள் இன்சூரன்ஸ் பணத்தைக் கைவிடும் இடம் இதுதான் என்பதால் பேசித்தான் ஆக வேண்டும்.

"பேங்குல இன்சூரன்ஸ் இருக்கு, எப்படிச் செத்தாலும் வரும்" என்ற நம்பிக்கை பாதிதான் சரி. 2015 மே மாதம் மத்திய அரசு தொடங்கியவை இரண்டு தனித்தனித் திட்டங்கள். ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். நோயோ விபத்தோ, எப்படி இறந்தாலும் 2 லட்சம். சுரக்ஷா பீமா திட்டத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம், நோயில் இறந்தால் கிடையாது. இரண்டும் வைத்திருந்தவர் மூழ்கி இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் சேர வேண்டும். முதல் திட்டத்துக்கு இறப்புச் சான்றிதழும் வங்கிக் கோரிக்கைப் படிவமும்தான் முக்கியம். இரண்டாவதற்கு அது போதாது. நீரில் மூழ்கினால் காவல் நிலையத்தில் தகவல் பதிவாகியிருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது, எஃப்.ஐ.ஆர். நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். உடலைப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அடக்கம் செய்துவிட்டால், வலையோடு போய் மூழ்கினார் என்பதற்கு ஊரே சாட்சி சொன்னாலும் காகிதம் இருக்காது. இந்தச் சோகக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

உடலே கிடைக்காமல் போனால் இன்னும் கடினம். காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் கருதப் பொதுவாக 7 ஆண்டுகள் ஆக வேண்டும். 2017-இல் ஒக்கி புயலுக்குப் பிறகு கன்னியாகுமரி மீனவக் குடும்பங்களின் முன்னால் வந்து நின்றதும் இதே சிக்கல்தான். அதனால் காணவில்லை என்ற புகாரை அன்றைக்கே கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும்.

"ஒரு தடவ கையெழுத்துப் போட்டாச்சு, அது பாட்டுக்கு ஓடும்." ஓடாது. பாதுகாப்பு ஜூன் 1 முதல் மே 31 வரைதான். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து 436 ரூபாயைத் தானாக எடுப்பார்கள். பணம் இல்லையென்றால் திட்டம் நின்றுவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவர் கையில் காசு வற்றியிருக்கும் நேரம் அது. அந்த நேரம் பார்த்தா பிடித்தம் செய்ய வேண்டும் என்று எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் தேதி மாறும்வரை மே 25-க்குள் இரண்டு திட்டங்களுக்கும் சேர்த்து 456 ரூபாயைக் கணக்கில் விட்டு வைப்பதுதான் வழி. விட்டுப்போனவர் ஜீவன் ஜோதியில் இடையிலும் சேரலாம்: செப்டம்பர் முதல் நவம்பருக்குள் சேர்ந்தால் 342, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் 228, மார்ச் முதல் மே வரை 114 ரூபாய். ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து தவிர வேறு காரணத்தால் இறந்தால் பணம் இல்லை.

"கட்டுன காசு கடைசில திரும்பி வரும்" என்று சீட்டுப் போல நினைப்பவர்களும் உண்டு. வராது. ஜீவன் ஜோதி, உயிரோடு இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காத திட்டம். அதை ஏமாற்று என்று சொல்வதும் தவறு. அதனால்தான் பிரீமியம் இவ்வளவு குறைவு.

பாஸ்புக்கில் 436 என்ற வரி இருந்தால் மட்டும் போதாது, வாரிசுதாரர் பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர், பிள்ளைகள் பிறந்த பிறகும் மாற்றாமல் விட்டிருப்பார். ஆதாரில் ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் அலைய வேண்டியிருக்கும்.

"தொழிலுக்குப் போற ஆம்பளைக்குத்தானே?" இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கும், கூடை சுமந்து மீன் விற்கிற பெண்ணுக்கும் தன் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, திட்டத்திலும் சேர்ந்திருந்தால் அதே 2 லட்சம்தான். அந்த வருமானத்தில் ஓடும் வீடுகள் எத்தனை! கணவர் பெயரில் இருப்பது மனைவியின் உயிருக்குப் பொருந்தாது.

மீனவர்களுக்கென்றே பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் ஒரு குழு விபத்துக் காப்பீடும் உண்டு. விபத்து மரணத்துக்கு 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. மீனவர் அடையாள அட்டை இருக்கிறதே என்று சும்மா இருக்காமல், இந்தக் காப்பீட்டுப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வயதில்தான் பெரிய ஓட்டை. ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55-இல் பாதுகாப்பு முடிந்துவிடும். ஏரியில் 60 தாண்டியும் பாடு வலைக்குப் போகிறவர்கள் இருக்கும்போது இது நியாயமில்லை. விபத்துத் திட்டம் 70 வரை உண்டு. ஆனால் 56 வயதில் நெஞ்சுவலியில் இறப்பவருக்கு அதில் எதுவும் இல்லை. அவருக்குத் தமிழ்நாடு மீனவர் நல வாரியத்தின் இயற்கை மரண உதவித்தொகைதான் மிச்சம். அதுவும் உறுப்பினராகப் பதிந்திருந்தால்தான்.