வாயிற்சிரையில் உறையும் இரத்தம்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

செய்முறைப் பதிவேட்டில் கல்லீரல் வாயிற்சிரையின் படத்தை வரைந்து நீல வண்ணம் தீட்டியபோது, அது எனக்கு மதிப்பெண்ணுக்குரிய படமாகவே இருந்தது. சென்ற ஆண்டு என் பெரியப்பாவின் ஸ்கேன் அறிக்கையில் அதே சிரையின் பெயரைக் கண்டேன். வீட்டில் ஆங்கிலம் வாசிப்பவள் நான் ஒருத்தியே. கல்லீரல் சுருங்கியிருக்கிறது, வாயிற்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறது என்று சொன்னேன். "ரத்தம் கட்டிக்கிச்சுன்னா, அப்புறம் வேற கல்லீரல்கூட வைக்க முடியாதாம்மா?" என்று பெரியம்மா கேட்டார். அன்று விடை தெரியவில்லை. பின்னர் படித்தும் பேராசிரியர்களைக் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கொண்டு சேர்ப்பது வாயிற்சிரைதான். குடலிலிருந்து வரும் சிரையும் மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் கணையத்தின் பின்னே கூடி இதுவாகின்றன. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது உள்ளே நுழைய வழியின்றி இரத்தம் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது. தீபத்தன்று தேரடித் தெரு அடைபட்டால் கூட்டம் சந்துகளில் புகுவதைப் போல, இரத்தமும் உணவுக்குழாயின் சிறு சிரைகளில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. அவை வெடித்தால் இரத்த வாந்தி.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கல்லீரல் கெட்டவருக்கு இரத்தம் எளிதில் உறையாது என்றே நான் எண்ணியிருந்தேன். உறையச் செய்யும் புரதங்கள் குறைவது உண்மையே. ஆனால் உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் அதே கல்லீரல்தான் செய்கிறது, அவையும் குறைகின்றன. ஆகவே தராசு எந்தப் பக்கமும் சாயலாம்.

மனிதரில் முதல் கல்லீரல் மாற்றத்தை 1963-இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்சல் செய்தார். புதிய கல்லீரலை இணைக்க வாயிற்சிரை திறந்திருக்க வேண்டும் என்பதால், அங்கே உறைவு இருந்தால் அறுவையே கூடாது என்பது நெடுங்கால விதி. 1980-களில் அவ்விதி தளர்ந்தது. சிரையின் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி உறைவை உரித்தெடுக்கிறார்கள். அது இயலாவிடில், இறந்த கொடையாளரின் சிரைத் துண்டு ஒன்றைக் குடற்சிரைக்கும் புதிய கல்லீரலுக்கும் இடையே பாலமாகத் தைக்கிறார்கள்.

உறைவின் அளவே பலனை முடிவு செய்கிறது. 2000-ஆம் ஆண்டில் பர்மிங்காம் மருத்துவர்கள் அதை நான்கு படிகளாக வகுத்தனர். சிரையின் பாதிக்கும் குறைவாக அடைத்திருப்பது முதற்படி. இவர்கள் உறைவே இல்லாதவரைப் போலவே பிழைக்கின்றனர். குடற்சிரையின் உள்வரை முழுதும் அடைபட்டது நான்காம் படி. அறுவையை அடுத்த வாரங்களில் இறப்பு மிகுதி. அந்நிலையிலும் குடலின் இரத்தத்தைப் புதிய கல்லீரலுக்குள் முறையாகத் திருப்ப முடிந்தால் பலன் நன்று. வேறு சிரையின் இரத்தத்தை மட்டும் கொடுத்தால் வயிற்று நீரும் இரத்தப்போக்கும் தொடரக்கூடும்.

நம் நாட்டின் முதல் வெற்றி 1998-இல் புதுடெல்லியில் கிட்டியது. காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி வைக்கப்பட்டது. இன்றும் இந்தியாவில் உயிருள்ள உறவினர் கொடையே மிகுதி. இதில்தான் சிக்கல்: அக்கொடையில் வரும் சிரை குட்டையானது, பாலத்துக்கு வேண்டிய துண்டும் உடன் வராது. எனவே உறைவு வளருமுன் டாப்ளர் ஸ்கேனில் கண்டுகொள்வது நமக்கு மேலும் தேவையாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2009 முதல் கல்லீரல் மாற்றம் நடப்பதை அறிந்தபோது எங்களுக்குச் சற்றே தெம்பு வந்தது.

பெரியப்பாவுக்குப் பாதிக்கும் குறைவான அடைப்புதான். எண்டாஸ்கோப்பி செய்து, புடைத்த சிரைகளுக்கு வளையமிட்ட பின்னரே இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தார்கள். "முதற்படிதான் பெரியம்மா, வைக்கலாம்" என்று சொன்னேன். அடுத்த ஸ்கேன் தை மாதத்தில்.