மழையில் நிற்கும் மிதிவண்டி

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் நிலையங்களின் அருகே மிதிவண்டி நிறுத்துமிடங்களைக் காணலாம். அங்கு நிற்பவற்றுள் பல, காலையில் வந்து மாலையில் வீடு திரும்புபவை. சில மட்டும் பல வாரங்களாக அசையாமல் நிற்கும். அவற்றின் டயர்கள் தரையோடு படிந்திருக்கும். சங்கிலி துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அவை எல்லாம் உடைந்துபோன வண்டிகள் அல்ல. காற்றும் சில சொட்டு எண்ணெயும் உரிய நேரத்தில் கிடைக்காமல் கைவிடப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

மிதிவண்டியில் பள்ளிக்கோ ரயில் நிலையத்துக்கோ செல்லத் தொடங்குபவர்கள் முதலில் விதிமுறைகளைக் கற்றுக்கொள்கிறார்கள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பகிர்வுப் பாதையில் 25 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு பலருக்குத் தெரியும். அந்த வேகத்தில் செல்லும் வண்டி, வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

டயரில் ஓட்டை இல்லாவிட்டாலும் காற்று குறையும். ரப்பர் டியூபின் வழியே அது சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். எனவே, வாரம் ஒரு முறையாவது காற்றைச் சரிபார்க்க வேண்டும். தேவையான அழுத்தத்தின் அளவு டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காற்று குறைந்த டயருடன் நடைபாதை விளிம்பில் வேகமாக ஏறினால், டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளைகள் விழும். ஆணி குத்தினால் பெரும்பாலும் ஒரு துளைதான் விழும். டியூபைக் கழற்றிப் பார்ப்பவருக்குக் காரணம் எது என்பது உடனே விளங்கிவிடும்.

சங்கிலிக்கு எண்ணெய் விடுவதில் புதியவர்கள் தாராளமாக நடந்துகொள்வதுண்டு. உண்மையில் எண்ணெய் தேவைப்படுவது சங்கிலியின் வெளிப்புறத்துக்கு அன்று. கண்ணிகளுக்கு இடையிலுள்ள சிறு உருளைகளின் உட்புறத்துக்கே. வெளியே வழியும் எண்ணெயில் மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டு பற்சக்கரத்தைத் தேய்க்கும். ஆகவே, முதலில் சங்கிலியைப் பழைய துணியால் துடைக்க வேண்டும். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, சில நிமிடங்கள் கழித்து மிகுதியானதைத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் இதற்கு ஆகாது. அது நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும்.

டயரில் காற்று இல்லாவிட்டால் வண்டி நகராது. பிரேக் சரியில்லாவிட்டால் வண்டி நிற்காது. இரண்டாவதுதான் ஆபத்து. பொதுப் பாதையில் செல்லும் மிதிவண்டியில் கைப்பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால், பிரேக் இருப்பது வேறு, அது பிடிப்பது வேறு.

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி, மழை விட்டதும் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினாள். பூங்கா இணைப்புப் பாதையில், சுரங்கவழியை நோக்கி இறங்கும் சரிவு அது. எதிரே ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார். அவள் இரண்டு பிரேக்குகளையும் அழுத்தினாள். பிரேக் பிடிகள் கைப்பிடியைத் தொட்டுவிட்டன; வேகமோ குறையவில்லை. காலைத் தரையில் தேய்த்து, வண்டியைப் புல்தரைப் பக்கம் திருப்பி விழுந்தாள். முதியவர் தப்பினார். அவளுடைய முழங்காலில் சிராய்ப்பு.

அன்று பிடிக்காமல்போன பிரேக் ஒரே நாளில் கெட்டதன்று. அதன் கம்பி பல மாதங்களாகத் தளர்ந்துகொண்டே வந்திருந்தது. சக்கரத்தின் ஓரத்தைப் பற்றும் ரப்பர் கட்டைகளிலிருந்த பள்ளக்கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தன. கோடுகள் மறைந்தால் கட்டைகளை மாற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. போதாக்குறைக்குச் சக்கரத்தின் ஓரத்தில் மழைநீர் படிந்திருந்தது. ஈரமான சக்கரத்தில் பிரேக் பிடிக்கச் சற்று நேரமாகும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மழைநாளில் சரிவுக்கு முன்பே பிரேக்கை இலேசாக அழுத்தி நீரை வழித்துவிடுகிறார்கள்.

இவற்றைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினால், முன்சக்கரம் உருளக்கூடாது. பின்பிரேக்கையும் அவ்வாறே சோதிக்கலாம். முழுவதும் அழுத்திய பிறகும் பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருப்பது நல்லது. கம்பி சற்றே தளர்ந்திருந்தால், அதன் முனையிலுள்ள சிறு திருகைச் சுழற்றி இறுக்கலாம். கம்பியின் இழைகள் பிரிந்திருந்தால் வண்டியைக் கடையில் கொடுத்துவிட வேண்டும். அங்கே துணிச்சல் உதவாது. சங்கிலிக்கு விடும் எண்ணெய் சக்கரத்தின் ஓரத்திலோ பிரேக் தகட்டிலோ படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

மறுநாள் காலை அந்த மாணவி தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி, முன்பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் உருண்டது. வண்டியை அங்கேயே பூட்டிவிட்டுப் பள்ளிக்கு நடந்தே சென்றாள்.