கடைக்கு டேப்லெட் கணினி: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு



தராசும் சிட்டையும் கால்குலேட்டரும் இருந்த கல்லா மேசையில் இன்று பல கடைகளில் டேப்லெட் கணினியும் இடம் பிடித்திருக்கிறது. 2010-இல் ஐபேட் வெளிவந்த பிறகு பரவிய கருவி இது. பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டார்கள், நாமும் வாங்க வேண்டாமா என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுகிறது. அடக்கவிலை பார்க்காமல் நாம் ஒரு மூட்டைச் சரக்கும் எடுப்பதில்லை. இந்தக் கருவியையும் அப்படியே நிறுத்துப் பார்ப்போம்.

1. எந்த வேலைக்கு?

முதலில் கேட்க வேண்டியது, "நம் கடையில் பணம் எங்கே ஒழுகுகிறது?" என்பதுதான். கடன் பாக்கி வசூலாகாமல் நிற்கிறதா? பாக்கெட் சரக்கு காலாவதியாகித் திரும்புகிறதா? கூட்ட நேரத்தில் பட்டியல் போடுவதில் தவறு வருகிறதா? இவற்றில் ஒன்றாவது பெரிதாக இருந்தால்தான் கருவிக்கு வேலை உண்டு.

பட்டைக்குறி உள்ள பாக்கெட் சரக்குக்குக் கருவி நன்றாக உதவும். பருப்பு, அரிசி, வெல்லம், புளி போல நிறுத்துக் கொடுக்கும் சரக்கில் கதை வேறு. ஒவ்வொரு விற்பனையையும் யாராவது பதிந்தால்தான் திரையில் காட்டும் இருப்பு மூட்டையில் உள்ள இருப்போடு ஒத்துப்போகும். ஒரு நாள் விட்டால் கணக்கு பிசகும். சிந்தியதும் ஈரம் காய்ந்து எடை குறைந்ததும் கருவிக்குத் தெரியாது. வாரம் ஒரு முறை மூட்டையை நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை எந்தக் கருவி வந்தாலும் விட முடியாது.

2. யாருக்குப் பயன்?

கடைகடையாக ஆர்டர் எடுக்க ஆள் அனுப்பும் மொத்த வியாபாரிக்கு இது மிகவும் பயன்படும். கடைக்காரர் முன்னாலேயே இருப்பு, விலை, பழைய பாக்கி மூன்றையும் பார்த்து ஆர்டர் எழுதலாம். இரண்டு பேர் பட்டியல் போடும் நடுத்தர மளிகைக்கும் பயன் உண்டு. முதலாளி ஒருவரே நின்று நடத்தும் சிறு கடைக்கு, கையிலுள்ள செல்போனே பெரும்பாலும் போதும்.

சிறு கடைக்காரர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடையிலும் 200 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காதவரை, தனித்தனிப் பட்டியல் போட வேண்டியதில்லை. நாள் முடிவில் மொத்தமாக ஒரு பட்டியல் போதும்.

3. செலவுக் கணக்கு

உதாரணமாக, டேப்லெட் 14,000 ரூபாய், பட்டியல் அச்சிடும் சிறு பிரிண்டர் 4,000, தாங்கியும் உறையும் 1,000, செயலிக்கு ஆண்டுச் சந்தா 3,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு மொத்தம் 28,000 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 780. நிகர லாபம் 5 சதவீதம் என்றால், மாதம் 15,600 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை நடந்தால்தான் போட்ட பணம் தேறும். அல்லது மாதம் 780 ரூபாய் நஷ்டமாவது தடுக்கப்படவேண்டும். உங்கள் கடையின் எண்களைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

வாங்கும்போது பட்டியலில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். முறையான பதிவுடையோர் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். தொகுப்பு முறையில் வரி கட்டுவோருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு வரியும் அடக்கத்தில் சேரும்.

4. தேர்வு செய்யும்போது

முதலில் செயலியைத் தேர்ந்தெடுத்து, அது ஓடும் கருவியைப் பிறகு வாங்குங்கள். விண்டோஸ் கணினிக்கான கணக்கு மென்பொருள் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அப்படியே ஓடாது. தமிழில் சரக்குப் பெயர் பதியவும் அச்சிடவும் முடிகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

சிம் போடும் வகையே நல்லது. மின்சாரம் நின்றால் டேப்லெட் ஓடும், ஆனால் வைஃபை பெட்டி நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும் பிரிண்டராகவும் பாருங்கள். இணையம் இல்லாதபோதும் பட்டியல் போட முடியவேண்டும்.

திரை 8 முதல் 11 அங்குலம் போதும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும், பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரில் உண்டா என்று கேளுங்கள். எண்ணெய்க் கை, மாவுத் தூசி, வெயில் மூன்றும் கருவிக்கு ஆகாதவை.

5. கணக்கு யார் கையில்?

"அண்ணாச்சி, என் பாக்கி எவ்வளவு?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது கருவி உடைந்து கிடந்தால் என்ன சொல்வோம்? கடன் பேரேடுதான் நம் முதல். எல்லாக் கணக்கையும் எக்ஸெல் கோப்பாக வெளியே எடுக்க வழியில்லாத செயலியை வாங்கவே வேண்டாம். வாரம் ஒரு முறை நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கவேண்டும். கருவி அத்தனை காலம் உழைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

வேலையாட்களுக்குத் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். உங்கள் வங்கிச் செயலியைக் கடை டேப்லெட்டில் வைக்காதீர்கள்.

6. முப்பது நாள் சோதனை

பணம் போடுமுன், கையிலுள்ள செல்போனில் ஒரு செயலியை ஏற்றி, கடன் பாக்கியையும் அதிகம் ஓடும் 20 சரக்குகளையும் மட்டும் 30 நாள் பதிந்து பாருங்கள். சிட்டையும் கூடவே நடக்கட்டும். வாரக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். பதிவு விடாமல் நடந்து, பாக்கி வசூலோ இருப்போ சீரானால் டேப்லெட் வாங்கலாம். பத்தாம் நாளே பதிவு நின்றுபோனால், திரையைப் பெரிதாக்கியதால் அது நடந்துவிடாது. அந்த 28,000 ரூபாய் சரக்கில் இருப்பதே நல்லது.