மகிழுந்துக் குரல் இடைமுகமும் நன்னூலின் எண்வகை விடையும்

முன்னுரை

மகிழுந்தின் குரல் இடைமுகம், ஓட்டுநரின் கண் சாலையை விட்டும் கை ஸ்டியரிங்கை விட்டும் விலகாதிருக்க அமைந்த கருவியாகும். அது 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளை மட்டுமே எதிர்பார்க்குமாயின், குறிப்பாக விடையிறுக்கும் தமிழ்ப் பேச்சு அதற்கு விளங்காது. மீண்டும் மீண்டும் வினவப்பெறும் ஓட்டுநரின் கவனமும் சிதறும். இச்சிக்கலுக்கு நன்னூலின் விடைப் பாகுபாடு வழிகாட்டுவதை மதுரை வழக்கின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

விடை இலக்கணம்

வினாவிற்கு எதிராக வரும் வினாவும் விடையாகும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் காட்டும் நெறி. பவணந்தி முனிவர், சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடையை எட்டாக வகுப்பார். முதல் மூன்றும் வெளிப்படை விடைகள்; ஏனைய ஐந்தும் குறிப்பு விடைகள். பிரவுன், லெவின்சன் ஆகியோரின் பணிவு பற்றிய ஆய்வும் (1987) கோவை மாவட்டச் சிற்றூர்த் தமிழைத் தரவாகக் கொண்டது. மறைமுகக் கூற்று, கேட்பவர் மனம் நோகாமற் காக்கும் உத்தி என்பது அதன் கருத்து.

மதுரை வழக்கு

மேலூரிலிருந்து திருமங்கலம் செல்பவரிடம், 'கோரிப்பாளையம் வழியாகச் செல்லலாமா?' என இடைமுகம் வினவுவதாகக் கொள்வோம். குறிப்பு விடைகள் பின்வருமாறு அமையலாம்:

ஏவல்: 'நீ வேணா போ.'
வினாதல்: 'போகாம?'
உற்றதுரைத்தல்: 'நேத்து அங்கதான் அரை மணி நேரம் நின்னேன்.'
உறுவது கூறல்: 'அழகர் வந்திருப்பாரு.'
இனமொழி: 'ரிங் ரோட்டுல போவோம்.'

சொல்லை மட்டும் நோக்கும் கருவி, முதல் விடையிலுள்ள 'போ' என்பதை உடன்பாடாகவும், இரண்டாவதிலுள்ள 'போகாம' என்பதை எதிர்மறையாகவும் கொள்ளும். உண்மையில் முன்னது மறுப்பு, பின்னது உடன்பாடு. நான்காம் விடையோ சூழலைச் சார்ந்தது. சித்திரைத் திருவிழாக் காலத்தில், விரைந்து ஊர் சேர விழைபவர்க்கு அது மறுப்பு. அழகரைக் காண விழைபவர்க்கு அதுவே உடன்பாடு.

வடிவமைப்பு நெறிகள்

இடைமுகம் விடையைத் தனித்துக் காணாது, வினாவோடு இயைத்துப் பொருள் கொள்ளவேண்டும். ஐயம் எழுமிடத்து, முன்னைய வினாவையே திரும்பக் கேளாமல், 'சரிங்க, ரிங் ரோட்டுல போகலாம்' எனத் தான் உணர்ந்ததை ஒரு தொடரில் கூறவேண்டும். தவறாயின் ஓட்டுநர் ஒரு சொல்லால் திருத்துவார். கருவி உயர்வு ஒருமையில் பேச, ஓட்டுநர் அதனை 'நீ' என விளித்தலும் பிழையாகாது.

முடிவுரை

குறிப்பு விடை பேச்சின் குறையன்று. இலக்கணம் ஏற்றுக்கொண்ட முறைமையே. எனவே ஓட்டுநர் கருவிக்கேற்பத் தம் பேச்சை மாற்றிக்கொள்வதினும், கருவி எண்வகை விடையையும் உணருமாறு பயிற்றப்பெறுதலே தக்கது. அதற்கான பேச்சுத் தரவைத் தொகுப்பதில் தமிழ்த் துறைகளுக்கும் பங்குண்டு.