பாடல் யாருடையது?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அங்கே மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் உண்டு. அவர் திருவெம்பாவையைப் பாடியது அண்ணாமலையில் என்பது மரபு. மார்கழி விடியலில் அவ்விருபது பாடல்களும் ஒலிபெருக்கி வழியே ஒலிப்பதை நாம் கேட்டிருப்போம். அவற்றைப் பாட எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. ஆனால், அவ்வொலிபெருக்கியில் கேட்கும் ஒரு பதிவை நெய் விளம்பரம் ஒன்றில் சேர்க்க விரும்பினால், பதிவுக்கு உரிமையுடைய நிறுவனம் இசைய வேண்டும். பாடல் பொதுச்சொத்து, பதிவு அப்படியன்று. மெட்டு புதியதாயின் அதை அமைத்தவரின் உரிமையும் உடன் வரும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடல்வரி, இசை, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தனித்தனிப் படைப்புகளாகவே கொள்கிறது. முதலிரண்டின் உரிமை, படைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கோ வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள்.

சட்டம் இவ்வாறு வகுத்தாலும் திரையிசையில் நடந்தது வேறு. ஊதியம் பெற்றுத் திரைப்படத்திற்கென இயற்றிய இசையின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், தயாரிப்பாளரையே சேரும் என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாததை நீதிபதி கிருஷ்ணய்யர் அத்தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டினார். அக்குறை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஓரளவு நீங்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமோ இன்னும் ஒருபடி சென்றது. திரையரங்கிற்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய சமபங்கை, அவர்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க இயலாது.

இரமணரைப் போற்றி இசைத்தொகுப்பு அளித்த இளையராஜா, தம் பாடல்களை இசைவின்றி மேடையில் பாடுவது குறித்து 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு அறிவிக்கை அனுப்பியபோது, நட்பில் சட்டம் நுழையலாமா என்றே பலரும் வினவினர். அவ்வினாவைவிட, கட்டணம் வாங்கும் மேடையில் இசையமைத்தவருக்குப் பங்கு உண்டா என்னும் வினாவே முதன்மையானது.

இளங்கலைஞர் ஒருவர் கையொப்பமிடும் தாளில் காண வேண்டியவை இரண்டு: காலம், நிலப்பரப்பு. காலம் குறிக்கப்படாவிடின் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ‘உலகெங்கும், உரிமைக்காலம் முழுவதும்’ என்னும் தொடரை நிறுவனங்கள் மறவாமல் எழுதுவது இதனால்தான். அவ்வாறு எழுதிக் கொடுத்த பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. விளம்பரத்திற்காகப் பாடலைத் திரித்துப் படைத்தவரின் மதிப்பைக் குலைத்தால், அதைத் தடுக்குமாறு அவர் நீதிமன்றத்தை நாடலாம்.