பழைய பதிப்புக்குக் காசு வாங்கலாமா?

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கேள்வியையே வேறு இளம் ஆட்களும் கேட்கிறார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுப் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு, வருடச் சந்தா வாங்கும் ஒரு லினக்ஸ் சேவைக்குப் பாக்கேஜ் கட்டுகிறீர். "இணையத்தில் சும்மா கிடைக்கிறது புதுசு, நாங்கள் காசு குடுத்து வாங்கினது பழசு, இது என்ன நியாயம்?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார்கள். உமக்கு வெட்கமாக இருக்கிறதாம். வெட்கப்படத்தான் வேண்டுமா என்பது, புதுசு வந்தும் பழசிலேயே நிற்கும் அந்தத் தாமதத்துக்குள் யாராவது வேலை செய்துகொண்டிருந்தார்களா என்பதைப் பொறுத்தது.

2024 மார்ச் 29ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக்கதவு வைக்கப்பட்டிருப்பதை அந்திரேஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருளாளர் அன்று வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாகச் சேர்வருக்குள் நுழைய அரைச் செக்கன் கூடுதலாகப் பிடிப்பது அவரை உறுத்தியிருக்கிறது. அதைத் தோண்டப்போய் அகப்பட்டது. (அரைச் செக்கனுக்காக யார் தோண்டுவார்? எனக்கு இன்னும் உதறல்தான்.) புதியதை உடனே எடுத்துக்கொண்ட சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டது. டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பில் பழைய 5.4 இருந்தது, தப்பியது.

ஆனால் இதைக் கவசமாகப் பிடிக்காதேயும். 2017இல் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வலை மென்பொருளின் ஓட்டைக்குத் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. மே மாதம் கள்ளர் எக்குவிஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் விபர நிறுவனத்துக்குள் நுழைந்தபோது அங்கே அது போடப்படாமலே கிடந்தது. ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விபரங்கள் போயின. டெபியன்காரர் புதிய வசதிகளைத்தான் காக்க வைக்கிறார்கள், பாதுகாப்புத் திருத்தத்தை அல்ல. எக்குவிஃபாக்ஸில் திருத்தமே காத்துக் கிடந்தது.

வெளியே நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் 1.0.1ஜி என்ற திருத்தப் பதிப்பை விட்டார்கள். டெபியனோ தன்னிடமிருந்த 1.0.1ஈ பதிப்பிலேயே ஓட்டையை அடைத்து, வாலில் மட்டும் இலக்கத்தை மாற்றியது. இலக்கத்தின் தலையை மட்டும் பார்த்தவர்களுக்குத் திருத்தப்பட்ட சேர்வரும் ஓட்டைச் சேர்வராகவே தெரிந்தது. உம்முடைய வாடிக்கையாளர் பார்ப்பதும் அந்தத் தலையைத்தான். ஆகவே ஒவ்வொரு பாக்கேஜுடனும் நாலு வரி எழுதும்: எந்த ஓட்டை அடைக்கப்பட்டது, எந்தப் புது வசதி நிறுத்திவைக்கப்பட்டது, ஏன், எப்போது வரும். தமிழில் எழுதும். "விரைவில்" என்ற சொல்லை மட்டும் தொடாதேயும். திகதி போடும், தவறினால் புதுத் திகதி போடும். ஒன்றுமே நடக்காத மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதும்.

தீவுக்காரருக்காக இன்னொன்று. கொழும்பில் ஒருவருடைய கணக்கு மென்பொருள் அப்டேற்றால் விழுந்தால் மாலைக்குள் ஆள் போய்ப் பார்க்கலாம். நெடுந்தீவில் விழுந்தால் குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டும்; கடைசிப் படகு போய்விட்டால் விடியும்வரை பொறுக்க வேண்டும், கடல் கொந்தளித்தால் விடிந்தும் பயனில்லை. ஆகவே முந்திய பதிப்புக்குத் திரும்பும் வழி அந்தக் கணினியிலேயே இருக்கட்டும். இணையம் இல்லாமலே, ஒரே கட்டளையில், கடைக்காரரே செய்யக்கூடியதாக இருக்கட்டும். ரீலோட் போட்ட டேட்டாவில் முழுப் பாக்கேஜையும் திரும்ப இறக்கச் சொல்வது அநியாயம். மாறிய பகுதியை மட்டும் அனுப்பப் பாரும்; முடியாவிட்டால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகிற ஆளிடம் ஒரு பென்டிரைவைக் குடுத்துவிடும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, பாக்கேஜின் கையொப்பம் சரிபார்க்கப்பட்டால் போதும்.

இனி உமது சேவைக்காரரிடம் கேட்க வேண்டியது. பாதுகாப்பு அறிவிப்புகளை வாசிப்பவர் நீர் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறீர். சந்தாக் காசு முதலில் அந்த வேலைக்குத்தான் போக வேண்டும். தைப்பொங்கலுக்கு நீர் லீவில் நின்றபோது அவற்றை வாசித்தது யார்? பெயர் சொல்லச் சொல்லிக் கேளும். ஆளில்லை என்றால், இரண்டாவது ஆள் வரும்வரை புதிய சந்தா எடுக்க வேண்டாம் என்று எழுத்தில் குடும். பிரதி ஒன்றை உம்மிடம் வைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
வேலணையிலிருந்து, பழைய சேர்வர்காரன்