ஏட்டிலிருந்து மேடைக்கு: பல்கலைக்கழகங்களில் அரங்கக் கல்வி

முன்னுரை

இயல், இசை, நாடகம் என முத்திறப்பட்டது தமிழ் என்பதை மாணவர் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் வாரத்திலேயே நாம் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அவர் பட்டம் பெற்று வெளியேறும் வரை பெரும்பாலும் இயலையே கற்பிக்கிறோம். இசைக்குத் தனிக் கல்லூரிகள் உள்ளன. நாடகமோ ‘நாடக இலக்கியம்’ என்னும் பெயரில் ஒரு தாளாகப் பாடத்திட்டத்தில் அடங்கிவிடுகிறது. அத்தாளில் ஆசிரியர் யார், காலம் எது, அங்கம் எத்தனை, களம் எத்தனை, தலைமை மாந்தர் பண்பு யாது என்பனவற்றை வினவுகிறோம். அந்நாடகத்தை எவ்வளவு பெரிய மேடையில் நடத்தலாம், விளக்கை எங்கே வைக்கலாம் என்று ஒருபோதும் வினவுவதில்லை.

நாடகம் படித்து அறியும் நூல் மட்டுமன்று; செய்து கற்கும் தொழிற்கலையும் ஆகும். பல்கலைக்கழகங்களில் நடைபெறும் அரங்கக் கல்வி இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. அக்கல்வி யாது, அது வளர்ந்த வழி யாது, நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அதனை நாடினால் நாம் எவ்வாறு எண்ணவேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதவி பயின்ற பாடத்திட்டம்

அரங்கக் கல்வி மேலைநாட்டார் தந்த புதுமை என்று கருதுவோர் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படித்தல் நலம். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் அவையில் ஆடுகிறாள். அவள் மேடை ஏறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகளை இளங்கோவடிகள் வரிசையாகக் கூறுகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிவு வேண்டப்படுகிறது. அத்துடன் ஒருவர் கலை மற்றவர் கலையோடு இணையும் இடமும் உணர்த்தப்படுகிறது. பாடத்திட்டம், பயிற்சிக் காலம், ஆசிரியர் தகுதி, இறுதியில் அவையோர் முன் தேர்வு ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. இதனை ஒரு கல்விக்கூடத்தின் அமைப்பு என்று கூறுவதில் தவறில்லை.

அளவுகோலும் விளக்கும்

அக்காதை அரங்கின் அளவையும் கூறுகிறது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் கொண்டது மேடை. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். வாயில்கள் இரண்டு.

இவ்வடிகளை நம் மாணவர் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் அளந்து பார்ப்பதில்லை. பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் எனக் கொண்டால் ஒரு கோல் இரண்டடி ஆகும். அவ்வாறாயின் மேடையின் அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி, மேல் இடைவெளி 8 அடி. ஒரு சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் கொண்டு இதனைக் கல்லூரிக் கூடத்தின் தரையில் கால் மணி நேரத்தில் வரைந்துவிடலாம். வரைந்தபின் அதற்குள் ஒரு மாணவரை நிற்கச் செய்க. ஓர் ஆடல்மகள் தன் கை, கால், கண் ஆகியவற்றின் நுட்பம் அவையோருக்குத் தெளிவாகத் தெரியும்படி ஆடுவதற்கு ஏற்ற சிறிய அரங்கு இது என்பது அப்போதே புலனாகும். உரை எழுதிப் புரியவைக்க வேண்டியதைத் தரையில் வரைந்த ஒரு கோடு புரியவைத்துவிடுகிறது.

தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே செல்லுமாறு விளக்குகளை அமைத்தனர் என்றும் அக்காதை கூறுகிறது. ஒளியைப் பற்றிய இவ்வக்கறை இன்றைய அரங்கக் கல்வியில் ஒரு முழுப் பாடமாக உள்ளது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் 1932-இல் மேடை ஒளியமைப்பு முறை குறித்து ஒரு நூல் வெளியிட்டார். நடிகருக்கு முன்னே இடமும் வலமுமாக இரு விளக்குகளை, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் மேலிருந்து விழும்படி அமைத்து, ஒன்றை வெம்மை நிறமாகவும் மற்றொன்றைக் குளிர்மை நிறமாகவும் கொண்டால் முகம் தட்டையாகாமல் உருண்டு திரண்டு தெரியும் என்பது அவர் முறை. நிழலை எங்கே விழச்செய்வது என்பதே சோழநாட்டுக் கலைஞனுக்கும் யேல் பேராசிரியருக்கும் பொதுவான வினா.

மேலும், ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து பொருந்தும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி எனத் திரை மூவகைப்படும். இவை மூன்றும் இன்றும் மேடைகளில் வழக்கில் உள்ளன என்பது மகிழ்ச்சிக்குரியது.

கம்பெனியும் கல்விக்கூடமும்

இடைக்காலத்தில் இவ்வறிவு குழுக்களிடமும் குடும்பங்களிடமும் தங்கியது. அண்மைக் காலத்தில் அதனைப் பேணியவை நாடகக் கம்பெனிகள். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வாண்டே அதில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களுக்கு அதுவே பள்ளியாக அமைந்தது. பாடம், பாட்டு, உச்சரிப்பு, ஒழுங்கு ஆகியவை அங்குக் கண்டிப்புடன் கற்பிக்கப்பட்டன. எனினும் கம்பெனி கலைந்தபோது அதனுள் இருந்த கல்வியும் கலைந்தது. காட்சித் திரை தீட்டியவர், தந்திரக் காட்சி அமைத்தவர், உடை தைத்தவர் ஆகியோரின் அறிவு எழுதி வைக்கப்படாமல் அவர்களோடு மறைந்ததே பெரும்பான்மை.

மறுபுறம், அறிஞர்கள் நூல் வழியாக இத்துறையை அணுகினர். பரிதிமாற் கலைஞரின் நாடகவியல் 1897-இலும், விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணி 1926-இலும் வெளிவந்தன. ஆக, தொழில் அறிந்தோருள் பலர் நூல் எழுதவில்லை. நூல் எழுதியோருள் பலர் தொழிலில் இறங்கவில்லை. இவ்விரு சாராரும் ஒரே கூரையின்கீழ் அமரும் இடமே பல்கலைக்கழக அரங்கத்துறை.

அமெரிக்காவில் நாடகத்திற்கெனப் பட்டம் வழங்கத் தொடங்கிய முதல் நிறுவனம் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி தொழில்நுட்பக் கழகம், ஆண்டு 1914. அது தொழில்நுட்பக் கழகமாக இருந்தது நம் கருத்துக்கு அரண் செய்கிறது. இந்தியாவில் சங்கீத நாடக அகாதெமி 1959-இல் தில்லியில் தேசிய நாடகப் பள்ளியை நிறுவியது. 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக விளங்கியவர் இப்ராகிம் அல்காசி (1925–2020). அராபிய வணிகக் குடும்பத்தில் புனேயில் பிறந்து, இலண்டனில் நாடகம் பயின்ற இவர், நடிப்பு, இயக்கம், மேடையமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்காமல் மாணவருக்கு ஊட்டினார். 1963-இல் தரம்வீர் பாரதியின் ‘அந்தா யுக்’ நாடகத்தைப் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கிடையே நடத்தினார். கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ நாடகத்தைப் பழைய கோட்டையில் அரங்கேற்றினார். போரில் அழிந்த உலகைக் காட்ட அட்டையில் கோட்டை செய்ய வேண்டியதில்லை. சிதைந்த கோட்டையே மேடையாகலாம் என்பதை மாணவர் கண்ணால் கண்டு கற்றனர்.

அப்பள்ளியில் பயின்ற தமிழர் பேராசிரியர் சே. இராமானுஜம் (1935–2016). 1977-இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை, நவீனத் தமிழ் அரங்கின் திருப்புமுனை எனப் போற்றப்படுகிறது. அதில் அவருக்கும் கேரளத்துப் பேராசிரியர் ஜி. சங்கரப் பிள்ளைக்கும் பெரும் பங்குண்டு. அவ்வாண்டே சங்கரப் பிள்ளை, கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியைத் திருச்சூரில் தொடங்கினார். 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நாடகத்திற்குத் தனித்துறை கண்டது. இராமானுஜம் அங்குப் பணியாற்றினார். 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் தன் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சூட்டியது. அதற்குத் தலைமையேற்றவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. கம்பெனி வாத்தியாரின் பெயர் ஒரு பல்கலைக்கழகத் துறையின் பெயராயிற்று!

அங்கே என்ன கற்கின்றனர்?

அரங்கத்துறை என்றால் நடிக்கக் கற்பிக்கும் இடம் என்பது பொதுவான எண்ணம். நடிப்பு அங்குள்ள பாடங்களுள் ஒன்று, அவ்வளவே. குரற்பயிற்சி, உடற்பயிற்சி, நாடக வரலாறு, பனுவல் ஆய்வு, இயக்கம், மேடையமைப்பு, உடை, ஒப்பனை, ஒளி, ஒலி, மேடை நிர்வாகம் என அக்கல்வி விரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நம் வகுப்புகளில் நன்கு அறியப்பட்ட நூல். சுந்தர முனிவர் அமைத்த சுருங்கை வழியாகக் குடிலன் பகைவனாகிய புருடோத்தமனை அழைத்துவர, நள்ளிரவில் மனோன்மணியின் திருமணச் சடங்கு நடக்கும் அரண்மனைக்குள் அவன் வந்து நிற்கிறான். கனவில் கண்ட முகத்தை அவள் நேரில் காண்கிறாள். வகுப்பில் நாம் இதனை ‘எதிர்பாராத் திருப்பம்’ என்று எழுதச்சொல்லி மேலே செல்கிறோம்.

அரங்க மாணவர் அவ்வாறு மேலே செல்ல இயலாது. சுருங்கையின் வாய் மேடையின் தரையிலா, பின்புறத்திலா, பக்கத்திரைக்கு அருகிலா? அவையோருக்குச் சுருங்கையும் மணமேடையும் ஒருசேரத் தெரியவேண்டுமா? நள்ளிரவில் ஒளி எங்கிருந்து வருகிறது? புருடோத்தமன் முகத்தில் முதலில் ஒளி விழவேண்டும். அதனை மற்றவர்க்கு முன் மனோன்மணி காணவேண்டும். அப்படியாயின் அவளை எத்திசை நோக்கி நிறுத்துவது? இவற்றுக்கு விடை காண அவர் தரைத்திட்டம் வரைகிறார். ஓர் அடி நீளத்தை அரை அங்குலமாகச் சுருக்கி அட்டையில் மாதிரி செய்கிறார். மேடை மேலாளராகப் பயில்பவர் உரையாடலின் ஓரத்தில் எந்தச் சொல்லுக்கு எந்த விளக்கு, எந்த ஓசை, யார் நுழைவு என்று குறித்துவைக்கிறார். இவ்வளவும் செய்து முடிக்கும்போது, அவரைப்போல் அந்நூலை ஊன்றிப் படித்தவர் வேறு யாராகவும் இருக்கமாட்டார். செய்முறை நூலறிவுக்குப் பகையன்று. அதுவே நுண்ணிய வாசிப்பாகும்.

நம் இசுலாமியத் தமிழ் இலக்கியத்திலும் இதற்கு இடமுண்டு. சீதக்காதி நொண்டி நாடகத்தை நாம் சிற்றிலக்கிய வகையில் சேர்த்துப் படிக்கிறோம்; நொண்டிச் சிந்தின் யாப்பை விளக்குகிறோம். நொண்டி ஒருவன் தன் கதையைத் தானே பாடி ஆடிக்காட்டுவது அவ்வகை நாடகம். ஒரு காலை மடக்கிக்கொண்டு அச்சிந்தைப் பாடிப்பார்க்கும் மாணவருக்கு, அந்தத் தாளம் ஏட்டில் பிறந்ததன்று, துள்ளி வைக்கும் அடியில் பிறந்தது என்பது உடனே விளங்கும்.

பெரியோர் எழுப்பும் வினாக்கள்

பிள்ளை அரங்கக் கல்வியை நாடும்போது பெற்றோர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை நாம் எள்ளி நகையாடலாகாது.

‘இதனால் பிழைப்பு நடக்குமா?’ என்பது முதல் வினா. உறுதியான வேலை காத்திருக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆசிரியப் பணி, ஆய்வு, ஒளி ஒலி அமைப்பு, காட்சி ஊடகங்கள், சிறுவர் அரங்கு எனப் பல வாயில்கள் உள்ளன. ஆனால் எதுவும் தானே திறப்பதில்லை. எனவே சேருமுன் துறையை நேரில் சென்று காண்பதும், அங்குப் பயின்றோரிடம் உசாவுவதும் வேண்டும். விருப்பத்தின் ஆழத்தையும் சோதித்தறிய வேண்டும்.

‘இது நம் ஒழுக்கத்திற்கு ஏற்றதா?’ என்பது இரண்டாம் வினா. அரங்கம் நேரந்தவறாமை, உடல்தூய்மை, பிறர்க்கு இடம் விடுதல், கூட்டாக உழைத்தல் ஆகியவற்றைக் கோரும் துறை. ஒருவர் தாமதித்தால் முப்பது பேரின் ஒத்திகை கெடும். மேடையில் தோன்றி நடிக்க மனம் ஒப்பாதவர் வடிவமைப்பிலும், ஒளியிலும், மேடை நிர்வாகத்திலும், ஆய்விலும் சிறந்து விளங்கலாம். எதனை நடிப்பது, எதனைத் தவிர்ப்பது என்பதைத் தம் மனச்சான்றின்படி தீர்மானிக்கும் உரிமை கற்றவருக்கே மிகுதியும் உண்டு.

‘நம்மவருக்கு இதில் என்ன தொடர்பு?’ என்பது மூன்றாம் வினா. அல்காசியை முன்னரே குறிப்பிட்டோம். இராய்ப்பூரில் பிறந்த ஹபீப் தன்வீர் (1923–2009) இலண்டனில் பயின்று திரும்பியபின் சத்தீசுகர் நாட்டுப்புறக் கலைஞர்களையே தம் குழுவின் உயிராகக் கொண்டார். அவரது ‘சரண்தாஸ் சோர்’ (1975) உலகப் புகழ் பெற்றது. உயர்கல்வி மண்ணிலிருந்து பிரிக்கும் என்ற அச்சத்திற்கு அவர் வாழ்வே மறுப்பாகும். தமிழகத்திலும் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து தெருக்கூத்தைக் கற்றது. பட்டம் பெறாத அம்முதியவரே கற்றோர்க்கு ஆசானானார்.

முடிவுரை

தொகுத்து நோக்கின், அரங்கக் கல்வி நமக்கு அயலானதன்று. நம்மிடம் இருந்து நழுவிய ஒன்றே பல்கலைக்கழகத்தின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் அதற்கெனத் துறை தொடங்க இயலாது. ஆயினும் ஒவ்வொரு தமிழ்த்துறையும் சில செயல்களை மேற்கொள்ளலாம். நாடகத் தாளில் ஒரு களத்தையேனும் மாணவர் நிகழ்த்திக் காட்டச்செய்யலாம். அரங்கேற்று காதையைத் தரையில் அளந்து கற்பிக்கலாம். ஊரில் எஞ்சியிருக்கும் பழைய நாடகக் கலைஞரை, ஒப்பனைக்காரரை, திரை தீட்டுபவரை அழைத்து அவர்கள் சொல்வதை எழுதிவைக்கலாம். இதனைக் காலம் தாழ்த்தாது செய்தல் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

மாணவச் செல்வங்களே! மேடையில் கைதட்டல் பெறுபவர் ஒருவர். அவர்மீது ஒளி விழச்செய்தவர் இருளில் நிற்பார். இருளில் நிற்கும் அப்பணியையும் ஒரு கல்வியாக மதித்துக் கற்க முன்வருவோரையே தமிழ் அரங்கம் எதிர்நோக்கியிருக்கிறது. அவ்வாறு முன்வரும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துமுன், அவர் கையிலுள்ள அட்டை மாதிரியை ஒருமுறை வாங்கிப் பார்க்குமாறு பெரியோரை அன்புடன் வேண்டுகிறோம்.